படத்துக்கு அடியில் ஒரு தாள்



கடந்த விடுமுறையிலேயே எழுதியிருக்க வேண்டிய பதிவு இது. வினாத்தாள் திருத்தம், பெற்றோர் சந்திப்பு, பிறகு வழக்கமான சோம்பல் என்று தள்ளிப்போய்விட்டது. பொருள் மிகச் சிறியது: பிள்ளைகளின் நிழற்படங்களை ஒட்டும் திரட்டேட்டுக்கு எந்தத் தாளைத் தேர்வது என்பதே. இதற்கெல்லாம் ஒரு வரலாறா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஆறாம் ஆண்டை முடித்துச் சென்ற மாணவர்களை, அவர்கள் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவத்தை எட்டும்போது மீண்டும் அழைத்து ஒன்றுகூடல் நடத்துவோம். (புகுமுக வகுப்புக்குப் போனவர்கள் ஓராண்டு பின்தங்கி வருவார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.) அந்நாளுக்காக ஒரு திரட்டேடு தயாராகும். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பன்னிரண்டு வயதில் வெள்ளைச் சீருடையில் எடுத்த படம், கீழே இப்போதைய படம், நடுவில் அவர்கள் கைப்பட எழுதும் சில வரிகள். தாள் வாங்குவது என் பொறுப்பு. அம்முறை, பார்ப்பதற்குத் துப்புரவாக இருக்கட்டும் என்று பளீரென்ற வெள்ளை அட்டையை வாங்கி வந்தேன்.

ஒட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி என்னிடம் வந்தாள். பள்ளியில் இருந்த காலத்தில் கதை சொல்லும் போட்டிக்கு நான் பயிற்சி கொடுத்த பிள்ளை. எதற்கும் தயங்காதவள்.

"டீச்சர், என் படத்தை மட்டும் எடுத்துவிடலாமா?"

"ஏம்மா?"

"இந்தத் தாளில் நான் ரொம்பக் கறுப்பாகத் தெரிகிறேன்."

"கறுப்பு ஒரு குறையா?" என்று கேட்டேன். ஆசிரியர்கள் கைவசம் எப்போதும் வைத்திருக்கும் விடைகளுள் அதுவும் ஒன்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைக் கவனமாகப் பிரித்து எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பன்னிரண்டு வயதுப் படம் மட்டும் அந்தப் பக்கத்தில் எஞ்சியிருந்தது.

பிள்ளைகள் சென்றபின் வேறொரு மாணவனின் படத்தை எடுத்து அந்த வெள்ளை அட்டையில் வைத்துப் பார்த்தேன். பிறகு என் பழுப்பு நிற மர மேசையில் வைத்தேன். மீண்டும் அட்டையில் வைத்தேன். ஒரே படம், ஒரே விளக்கு. ஆனால் முகம் ஒன்றாக இல்லை. வெள்ளை அட்டையில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன, கன்னத்தின் மெருகு காணாமற்போயிற்று. மேசையில் அதே முகம் தெளிவாக, சிரிப்போடு இருந்தது. அந்தப் பெண் தன் நிறத்தைக் குறை கூறவில்லை. என் தாளைத்தான் குறை கூறியிருந்தாள். நான் அதைக் கேட்காமல் அறிவுரை சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

இளையோர் தங்கள் நினைவுகளைத் தாளில் தொகுப்பது நேற்று வந்த பழக்கமன்று. 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் விட்டன்பெர்க் பல்கலைக்கழக மாணவர்கள் 'நண்பர் ஏடு' ஒன்றைக் கையோடு வைத்திருந்தனர். லூதர், மெலாங்தன் போன்ற ஆசான்களின் கையெழுத்தும் உடன் பயின்றோரின் வாழ்த்தும் அதில் இடம்பெற்றன. நம் பள்ளிகளில் ஆண்டிறுதியில் கைமாறும் ஆட்டோகிராப் புத்தகத்தின் மூதாதை என்று அதைச் சொல்லலாம். எனக்கு வியப்பளித்தது அவர்கள் தாளைத் தேர்ந்த விதம். அந்நூற்றாண்டின் இறுதியில், இஸ்தான்புல் வரை சென்றவர்கள் அங்கே விற்ற வண்ணக்கோலத் தாள்களை வாங்கி வந்து தங்கள் ஏட்டில் சேர்த்துக் கட்டினார்கள். நீரின்மேல் சாயத்தை மிதக்கவிட்டு, அந்தக் கோலத்தைத் தாளில் ஒற்றியெடுக்கும் துருக்கியக் கலை அது. வெறுந்தாளில் எழுதினாலும் வாழ்த்து வாழ்த்துத்தான். ஆனாலும் தம் ஏடு மற்றவர் ஏட்டினின்று வேறாகத் தெரிய வேண்டும் என்று அந்த இளைஞர்கள் எண்ணியிருக்கிறார்கள். நானூறு ஆண்டுகளில் பதின்ம வயது பெரிதாக மாறிவிடவில்லை.

நிழற்படம் ஏட்டுக்குள் புகுந்த கதை 1854-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. பாரிசைச் சேர்ந்த திஸ்தேரி என்பவர், ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்கு அவ்வாண்டு காப்புரிமை பெற்றார். முகவரி அட்டையின் அளவில், கனத்த அட்டையில் ஒட்டிய அந்தப் படங்கள் மலிவாகக் கிடைத்தன. 1860-ஆம் ஆண்டில் மேயால் என்னும் லண்டன் படக்காரர் அரச குடும்பத்தின் படங்களை இதே அளவில் வெளியிட்டபின், அவற்றைச் சேகரிக்கும் ஆசை இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. படங்களைச் செருகி வைக்கச் சன்னல்போல் வெட்டப்பட்ட பக்கங்களைக் கொண்ட ஆல்பங்கள் வந்தன. பக்கத்தின் நிறம் பெரும்பாலும் பாலாடை நிறம், ஓரத்தில் பொன்பூச்சு. அன்றைய படங்கள் செம்பழுப்பு நிறமானவை, அதற்கு அது பொருந்தியது. படம் எடுத்துக்கொண்டவர்களின் முகத்துக்கும் அது பொருந்தியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆல்பத்தை வடிவமைத்தவர்கள் மனத்தில் வேறு முகங்கள் இருந்திருக்க வாய்ப்பில்லை.

நம் முகங்களும் அக்காலத்திலேயே ஆல்பங்களில் இடம்பெற்றன. ஆனால் அவை நம் ஆல்பங்கள் அல்ல. 1867-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஜி.ஆர். லம்பர்ட் என்பவர் ஒரு நிழற்பட நிலையத்தைத் தொடங்கினார். துறைமுகக் காட்சிகள், ஆளுநர் மாளிகை, தென்னந்தோப்பு ஆகியவற்றோடு மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகியோரின் படங்களையும் அந்நிலையம் விற்றது. ஊர் திரும்பும் ஐரோப்பியர்கள் அவற்றை நினைவுப் பொருளாக வாங்கித் தங்கள் ஏடுகளில் ஒட்டிக்கொண்டனர். இத்தகைய படங்களின் கீழே இருப்பவரின் பெயரைப் பார்ப்பது அரிது. இனத்தின் பெயரோ தொழிலின் பெயரோ இருக்கும், அவ்வளவுதான். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பக்கத்தில் இருக்கிறார் ஒரு தமிழர். அவர் யார் என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. மாணவர்களின் படத்தின் கீழ் முழுப்பெயரை எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவதை உடன் பணிபுரியும் ஆசிரியர்கள் கேலி செய்வதுண்டு. காரணத்தை இனி அவர்கள் இங்கே படித்துக்கொள்ளலாம்.

படம் எடுக்கும் கருவி இளையோர் கைக்கே வந்த ஆண்டு 1900. கோடாக் நிறுவனம் அவ்வாண்டு பிரௌனி என்ற பெட்டிக் கருவியை ஒரு டாலர் விலையில், சிறுவர்களை மனத்தில் வைத்தே சந்தைக்குக் கொண்டுவந்தது. படங்கள் பெருகின. அவற்றுக்கு வெள்ளை ஓரம் இருந்தது. கனத்த சன்னல் பக்கங்கள் அதற்குத் தேவைப்படவில்லை. கறுப்புத் தாளாலான ஆல்பம் பரவியது இப்படித்தான். படத்தின் நான்கு மூலைகளையும் பிடித்துக்கொள்ளச் சிறு காகிதக் கூடுகள், எழுதுவதற்கு வெள்ளை மை, பக்கங்களுக்கு இடையே எண்ணெய்த்தாள் போன்ற மெல்லிய தாள். ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அப்பா தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. அதன் முதல் படம் என் பாட்டி. பாட்டி பால்மரம் சீவியவர். அவர் வாழ்நாளில் எடுத்த முதல் படம் அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், 12 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவரும் படத்துடன் கூடிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தோட்டப்புறங்களில் எத்தனையோ பேருக்கு அதுவே முதற்படம். தாம் விரும்பி எடுத்துக்கொண்டதன்று, அரசாங்கம் கேட்டதற்காக எடுத்துக்கொண்டது. இன்றும் நம் பிள்ளைகள் 12 வயதில்தான் மைகார்டு எடுக்கப் போகிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வரும்.

அந்தச் சிறிய படத்தைப் பிற்காலத்தில் அப்பா பெரிதாக்கி வாங்கிக் கறுப்புத் தாளில் பொருத்தினார். பாட்டி நல்ல கறுப்பு. ஆனால் அந்தப் பக்கத்தில் அவர் முகம் ஒளி வீசுகிறது. நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, ஒரு பக்கம் சற்று ஏறிய புருவம், எல்லாம் தெரிகின்றன. கறுப்பு முகத்தைக் கறுப்புத் தாளில் வைத்தால் மறைந்துவிடாதா? மறையவில்லை. ஏன்?

இதற்கான விடை நிழற்படக் கலைக்குத் தொடர்பில்லாத ஓர் இடத்திலிருந்து வந்தது. பாரிசில் கோபெலின் என்னும் அரச நெசவுக்கூடம் உண்டு. 1824-ஆம் ஆண்டில் அதன் சாயப்பிரிவுக்குத் தலைவராகச் செவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயத்தில் வலுவில்லை என்று நெசவாளர்கள் முறையிட்டனர். செவ்ரல் சாயத்தைச் சோதித்தார், குறையேதும் இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் எந்த நிற நூல் வருகிறதோ அதுதான் கறுப்பை வெளிறச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். இரண்டு நிறங்களை அருகருகே வைத்தால் கண் அவற்றின் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும். வெளிச்சமானதன் அருகே இருண்டது மேலும் இருளும். இருண்டதன் அருகே உள்ளது மேலும் வெளிச்சமாகும். நிறமும் அப்படியே: சிவப்பின் அருகே வைத்த பொருளில் சிவப்பு குறைந்து பச்சைச் சாயல் ஏறும், நீலத்தின் அருகே ஆரஞ்சுச் சாயல் கூடும். 1839-ஆம் ஆண்டில் இதைப் பெரிய நூலாக வெளியிட்டார். உடையின் நிறம் அணிபவரின் தோல் நிறத்தை எப்படி மாற்றிக் காட்டும், ஓவியத்துக்கு எந்த நிறச் சட்டம் பொருந்தும் என்பதெல்லாம் அதில் வருகின்றன. ஆக, திரட்டேட்டுக்குத் தாள் தேர்வதற்கான இலக்கணம் நிழற்படம் பொதுமக்களுக்கு அறிமுகமான அதே ஆண்டில் எழுதப்பட்டுவிட்டது. கடைக்குப் போகுமுன் அதை நான் படித்திருக்கவில்லை.

இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு நம் திரட்டேடுகளைப் பாருங்கள். பொங்கலென்றால் மஞ்சளும் ஆரஞ்சும், தீபாவளியென்றால் கருஞ்சிவப்பு, மணமென்றால் குங்குமச் சிவப்பு. விழாவுக்கு இவை அழகு. ஆனால் நம் தோலில் இயல்பாக உள்ள செம்மையைச் சிவப்புத் தாள் விழுங்கிவிடும், முகம் சாம்பல் பூத்தாற்போல் ஆகும். பெரும்பாலான குடும்ப ஆல்பங்களில் மங்கலநிறம் என்று நாம் தேர்ந்த தாளே முகத்தை மங்கச் செய்திருக்கிறது.

பழி முழுவதையும் தாளின்மேல் போட்டுவிட முடியாது. வண்ணப்படத்துக்கும் இதில் பங்குண்டு. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம், படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் படம் அது. 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பட்டப்பெயர். அந்தப் பெண்ணின் தோல் இயல்பாகத் தெரியும்வரை இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றவர்களின் படங்களை அச்சிடுவார்கள். கனடாவின் ஆய்வாளர் லோர்னா ரோத் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கரிய தோலின் நுண்ணிய வேறுபாடுகளைப் பதிவு செய்யும் திறன் அன்றைய படச்சுருளில் குறைவாகவே இருந்தது. அதை மேம்படுத்துமாறு நிறுவனத்தை நெருக்கியவர்கள் யார் தெரியுமா? மிட்டாய்க்கும் மரச்சாமான்களுக்கும் விளம்பரம் செய்தவர்கள். பால் சாக்லேட்டுக்கும் கறுப்புச் சாக்லேட்டுக்கும் படத்தில் வேறுபாடு தெரியவில்லை, ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று அவர்கள் முறையிட்டார்கள். 1990-களில்தான் பல இனப் பெண்கள் சேர்ந்திருக்கும் மாதிரி அட்டை வந்தது. சாக்லேட்டுக்காகச் செய்த திருத்தத்தால் மனித முகங்களும் பயனடைந்தன. இதை நான் ஆசிரியர் அறையில் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

தாளின் நிறத்தைப் போலவே அதன் உள்ளியல்பும் முகத்தைக் கெடுக்கும். இதை என் சொந்தச் செலவில் கற்றேன். என் மூத்த மகளின் குழந்தைப் பருவப் படங்களை, அன்று பெருமையாக விற்கப்பட்ட பசைப்பக்க ஆல்பம் ஒன்றில் வைத்தேன். பக்கம் முழுவதும் பசைக்கோடுகள், மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். தூக்கி, வைத்து, மூடினால் போதும். இந்த வகை ஆல்பங்கள் 1960-களில் உலகச் சந்தைக்கு வந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் கறுப்புத்தாள் ஆல்பத்தை ஏறக்குறைய ஒழித்துவிட்டன. இன்று அதைத் திறந்தால் பழுப்புக் கோடுகள் படத்தின் பின்புறம் ஊறியிருக்கின்றன. பிரித்தெடுக்க முயன்றபோது மகளின் முதற்பிறந்தநாள் படம் குறுக்கே கிழிந்தது. அதே அலமாரியில் அப்பாவின் கறுப்பு ஆல்பம் இருக்கிறது. பக்கங்களின் ஓரம் உதிர்கிறது. ஆனால் படங்கள் அப்படியே இருக்கின்றன, ஏனென்றால் எதையும் பசை தொடவில்லை.

காரணம் காகித ஆலையில் இருக்கிறது. பழைய காகிதம் கந்தைத் துணியிலிருந்து வந்தது. 1844-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டறிந்தபின் காகிதம் மலிந்தது. மரத்தில் லிக்னின் என்ற பொருள் உண்டு. வெயில் பட்ட நாளிதழ் மஞ்சளாவதற்கு அதுவே காரணம். மை ஊறாதிருக்கப் படிகாரமும் பிசினும் சேர்க்கும் முறை அதற்கு முன்பே 1807-ஆம் ஆண்டில் வந்திருந்தது. படிகாரம் காகிதத்தில் அமிலத்தை விளைவிக்கிறது. நூல்கள் நொறுங்குவதற்கு அமிலமே முதற்காரணம் என்பதை அமெரிக்காவின் வில்லியம் பாரோ 1950-களில் சோதனைகளால் காட்டினார். 

ஆராய்ச்சிக்கூடத்தின் இந்த அறிவு குடும்ப ஆல்பத்துக்கு வந்து சேர்ந்தது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில். வம்ச வரலாற்றைப் பேணுவதைச் சமயக் கடமையாகக் கருதும் மார்மன் சமயத்தார் மிகுந்த மாநிலம் அது. 1980-ஆம் ஆண்டில் சால்ட் லேக் நகரில் ஆவணங்கள் பற்றிய உலக மாநாடு நடந்தது. அங்கே மரியலன் கிறிஸ்டன்சன் என்ற இல்லத்தரசி தம் குடும்பத்தின் ஐம்பது திரட்டேடுகளைக் காட்சிக்கு வைத்தார். நீடித்து நிற்கும் தாளும் பாதுகாப்பு உறையும் கொண்டு செய்தவை. மக்கள் மொய்த்துக்கொண்டார்கள். மறு ஆண்டே, 1981-இல், அவர் குடும்பத்தோடு ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற ஊரில் இதற்கென ஒரு கடையைத் திறந்தார். 1987-ஆம் ஆண்டில் கிரியேட்டிவ் மெமரீஸ் என்ற நிறுவனம் தோன்றி, வீடு வீடாகக் கூட்டம் நடத்தி இந்தப் பொருள்களை விற்றது. பன்னிரண்டு அங்குலச் சதுரத் தாள் இத்தொழிலின் அளவாயிற்று. தாளின் பொட்டலத்தில் 'அமிலமற்றது', 'லிக்னின் இல்லாதது' என்று அச்சிடும் வழக்கமும் இவர்களால்தான் பரவியது. படத்தோடு பட்டுக்கொண்டிருக்கும் தாள் அதைக் கெடுக்குமா என்று அறிய ஒரு சோதனையும் வகுக்கப்பட்டது. அது இன்று ஐஎஸ்ஓ 18916 என்ற அனைத்துலகத் தர எண்ணில் இருக்கிறது. பொட்டலத்தில் பி.ஏ.டி. என்ற மூன்றெழுத்தைக் கண்டால் அந்தச் சோதனை என்று அறிக.

2000-களில் அந்தச் சதுரத் தாள்கள் நம் நாட்டுப் புத்தகக் கடைகளிலும் வந்து குவிந்தன. நானும் ஆசையோடு வாங்கியிருக்கிறேன். குழந்தைக்கு இளநீலக் கரடிகள், திருமணத்துக்கு வெள்ளிப்பூக்கள், இலையுதிர்காலத்துக்குப் பூசணிக்காய்! (இலையுதிர்காலம் நமக்கு எங்கே வந்தது? ரப்பர் மரம் இலை உதிர்க்கும் சில வாரங்களைத் தவிர.) தாள் நீடித்தது, மறுக்கவில்லை. ஆனால் அதில் யாருக்கு இடம் இருந்தது? ஆல்பம் செய்யும் தாய்மாருக்கே. அவர்கள் பிள்ளையை எப்படி நினைவுகூர விரும்பினார்களோ அதற்கேற்ற தாள்கள் அவை. பதினைந்து வயதுப் பையனின் படத்துக்குப் பின்னால் கரடி பொம்மை இருந்தால், அவன் அந்தப் பக்கத்தை நண்பர்களிடம் காட்ட மாட்டான்.

அவர்களுக்கு வேண்டியதை அவர்களே செய்துகொண்டார்கள். 1995-ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய ஒட்டுப்படக் கூடம் சில ஆண்டுகளில் இங்கே 'நியோபிரிண்ட்' என்ற பெயரில் பேரங்காடிகளில் வந்தது நினைவிருக்கிறதா? திரைக்குப் பின்னே நாலைந்து பேர் நெருக்கியடித்து நின்று எடுத்த தபால்தலை அளவுப் படங்கள், பென்சில் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கும். 1998-ஆம் ஆண்டில் ஃபியூஜி நிறுவனத்தின் இன்ஸ்டாக்ஸ் வந்தது. அதன் சிறிய வகைப் படம் 62க்கு 46 மில்லிமீட்டர், வெளியட்டை 86க்கு 54. அந்த வெள்ளை விளிம்பே ஒரு தாள். பெற்றோர்கள் அதை அழகுக்காக வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள், வேதிப்பொருள் அந்த விளிம்புக்குள்தான் அடைக்கப்பட்டிருக்கிறது.

இன்றைய பிள்ளைகளின் படங்கள் கைப்பேசியிலிருந்து வருபவை. பல, முகத்தை வெளுப்பாக்கும் மென்பொருளின் வழியாக வருபவை. ஒன்றுகூடலுக்காக அனுப்பிய படங்களில் எத்தனை அப்படிப்பட்டவை என்று நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத மனம் வரவில்லை. அந்த மாணவியின் படம் அவற்றுள் ஒன்றன்று. அவள் இருந்தபடியே அனுப்பியிருந்தாள். வெள்ளைத் தாளை வாங்கியவள் நான்.

இரண்டு வாரம் கழித்து அவளை வீட்டுக்கு வரச்சொன்னேன். அம்மாவோடு வந்தாள். ஐந்து தாள்களை மேசையில் பரப்பினேன்: வெள்ளை, பாலாடை, நடுத்தரச் சாம்பல், கருஞ்சிவப்பு, கரும்பச்சை கலந்த நீலம். ஒன்றும் சொல்லாமல் படத்தை ஒவ்வொன்றிலும் வைத்தேன். கருஞ்சிவப்பில் வைத்ததும் அவள் அம்மாவே "வேண்டாம், டீச்சர்" என்றார். நீலத்தில் வைத்தபோது முகம் வெளுத்து, கன்னத்தில் இளஞ்சூடு ஏறியதுபோல் ஆயிற்று. "இதுதான், இதுதான்," என்றாள் பெண்.

அப்போதுதான் எனக்கு உறுத்திற்று. கைப்பேசி செய்யும் அதே வேலையைத் தாளைக் கொண்டு நான் செய்கிறேனா? அவளிடம் செவ்ரலின் கதையைச் சொன்னேன். நெசவாளர்கள், கறுப்பு நூல், எல்லாவற்றையும். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ எந்தத் தாளில் இருப்பதுதான் நிஜமான நான்?" என்று கேட்டாள். எந்தத் தாளும் ஏதாவது சொல்லத்தான் செய்யும், சாம்பல் நிறம் குறைவாகச் சொல்லும் என்றேன். என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

பிறகு அவள் பன்னிரண்டு வயதுப் படத்தையும் எடுத்து ஒவ்வொரு தாளிலும் வைத்துப் பார்த்தாள். வெயிலில், வெள்ளைச் சீருடையில் எடுத்த படம். நீலத்தில் வைத்தால் சட்டை மட்டும் துள்ளிக்கொண்டு முன்னே வந்தது, முகம் பின்னே போயிற்று. சாம்பலில் சட்டை அடங்கியது. வெகுநேரம் மாற்றி மாற்றி வைத்தாள். அவள் அம்மாவும் நானும் தேநீர் குடித்து முடித்துவிட்டோம். கடைசியில் பக்கத்துக்குச் சாம்பல் தாளை எடுத்துக்கொண்டாள். பதினேழு வயதுப் படத்துக்கு மட்டும், அதைவிட விரற்கடை அகலமாக, நீலத் தாளில் ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்தாள். "சின்ன வயசுக்குச் சாம்பல் போதும், டீச்சர். இதுக்கு இது வேணும்," என்றாள். நான் மறுக்கவில்லை. நானாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன், ஆனால் பக்கம் அவளுடையது.

தாள் வாங்கப் போகும் பெற்றோர்களுக்கு இங்கே ஓர் இடைச்செருகல். பிள்ளையின் படத்தைக் கையோடு கொண்டு போங்கள், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். கடையின் விளக்கை நம்பாமல் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பூவேலை மிகுந்த தாளை முழுப்பக்கத்துக்கும் எடுக்காமல் ஓரத்துக்கு மட்டும் வையுங்கள், முகத்தோடு அது போட்டியிடும். வாங்கிய தாளிலிருந்து ஒரு கீற்றை வெட்டிப் பாதியை மூடிச் சன்னலோரத்தில் சில வாரம் விட்டால், சாயம் நிற்குமா நிற்காதா என்று தெரிந்துவிடும். பள்ளிக்கு வாங்கும் மலிவான வண்ண அட்டைகள் பெரும்பாலும் இதில் தோற்கும். பசை வேண்டாம், மூலைக்கூடு போதும். நம் நாட்டு ஈரப்பதத்தில் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் அமிலத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே, திரட்டேட்டைச் சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள்.

அவள் மூலைக்கூடுகளைப் பொருத்தி முடித்ததும், அப்பா காலத்து வழக்கப்படி ஒரு வெள்ளை மைப் பேனாவைக் கொடுத்தேன். நீலத் துண்டின் கீழோரத்தில் தன் பெயரையும் அம்மாவின் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுதினாள். வரி சற்றே மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டது. வேறு தாளில் எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மீதிப் பிள்ளைகளின் பக்கங்களையும் பிரித்து மறுபடி தொடங்கியிருக்கிறேன். ஆளுக்கு ஐந்து தாள், ஆளுக்கு அரைமணி நேரம். மூன்று பையன்கள் இன்னும் படமே அனுப்பவில்லை. அவர்களின் பெற்றோர் இதைப் படித்தால் கொஞ்சம் நினைவூட்டுங்கள்.